மரத்தைக் கடிக்கும் நாய்க்குட்டிக்குக் கசப்பு ஸ்ப்ரே: எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

நாற்காலிக் காலிலும் மேசை விளிம்பிலும் பல் தடங்கள் தென்படத் தொடங்கியதும், நாய்க்குட்டி வளர்ப்பவர்களில் பலர் முதலில் வாங்குவது கசப்பு ஸ்ப்ரேயைத்தான். கடிக்கக் கூடாத பொருளின்மீது இதைத் தெளித்துவிட்டால், குட்டி ஒருமுறை வாய்வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே போகாது என்ற வாக்குறுதியோடு இது விற்கப்படுகிறது. தயாரிப்பாளருக்கு ஏற்பப் பெயரும் மணமும் மாறினாலும் வாக்குறுதி மாறுவதில்லை. எங்கள் வீட்டுக் குட்டிக்குப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்த காலம் முழுவதும், ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே ஒன்றையும் ஆல்கஹால் இல்லாத ஸ்ப்ரே ஒன்றையும் பயன்படுத்தினேன். அவற்றோடு ரப்பர் கடிபொம்மைகளும் தடுப்பு வேலியும் வீட்டில் இருந்தன. ஸ்ப்ரே பயன் தரும் பொருள் என்பதே என் முடிவு. எவ்வளவு தெளிக்கிறோம் என்பதைவிட, குட்டி அந்தக் கசப்பை முதன்முதலில் எங்கே, எப்படிச் சந்திக்கிறது என்பதே அந்தப் பயனைத் தீர்மானிக்கிறது. நான் வாங்கிய இரண்டு புட்டிகளிலும் ஒட்டியிருந்த சீட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மரத்தில் குட்டிக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், ஸ்ப்ரே எதை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். நாய்க்குட்டிக்கு மொத்தம் 28 பால்பற்கள். பிறந்து மூன்று வாரம் ஆனபின் முளைக்கத் தொடங்கும் இவை ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் வெளியே வந்துவிடுகின்றன. நான்காவது மாதத்தை ஒட்டி முன்வரிசை வெட்டுப்பற்கள் விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துசேர்வது வழக்கம். இடைப்பட்ட மாதங்களில் ஈறு சிவந்து கன்றியிருக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால் அந்த உறுத்தல் சற்றே தணியும். உலோகக் காலைக் கடித்தால் பல்லுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. துணி உடனே வளைந்துவிடுகிறது. மரமோ முதலில் எதிர்த்து நிற்கிறது, பிறகு பல் கொஞ்சம் இறங்க இடம் கொடுக்கிறது, கடைசியில் நார் நாராகப் பிரிகிறது. கடிக்கக் கடிக்க மாற்றம் தெரிகிற பொருள் என்பதால், அந்த வேலையே குட்டிக்குப் பரிசாகிவிடுகிறது. நாற்காலியின் குறுக்குக் கட்டை குட்டியின் வாய் உயரத்திலேயே இருப்பதும், மேசைக் காலின் கூர்மையான விளிம்பு வாய்க்குள் வாகாகப் பொருந்துவதும், நம் கையும் காலும் பட்ட வாசனை அதில் படிந்திருப்பதும் இந்த ஈர்ப்பை இன்னும் கூட்டுகின்றன.

நிலைப்பற்கள் முளைத்து முடிந்தவுடன் கடிப்பது நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில், பல் முளைக்கும் வலி போன பிறகும் வளரிளம் பருவத்தில் இன்னொரு சுற்று கடித்தல் வருகிறது. அப்போது பற்கள் புதியவை, தாடை வலுவானது, மரத்துக்கு ஏற்படும் சேதமும் பெரியது. பல நாய்களுக்கு இது ஒரு வயது தாண்டியும் நீடிக்கும். ஆகவே ஸ்ப்ரேயை வாங்குபவர் சில நாள் தேவைக்கான பொருளாக அதைக் கருதாமல், இரண்டு கட்டங்களாக நீளும் ஒரு பருவத்துக்கான துணைக்கருவியாகக் கருதுவது நல்லது.

இதில் தளபாடத்தின் அழகைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. மரச் சிராய் ஈற்றிலும் நாக்கின் அடியிலும் குத்திக்கொள்ளும். சிறு குச்சித்துண்டு மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிக்கொண்டால், குட்டி முன்னங்காலால் வாயைச் சுரண்டியபடி எச்சில் ஒழுக அலையும். விழுங்கிய துண்டு குடலை அடைக்கவோ துளைக்கவோ கூடும். பழைய பொருளாக இருந்தால் பூச்சும் ஒரு சிக்கல்: ஈயம் கலந்த வண்ணப்பூச்சை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கா 1978இல்தான் தடை செய்தது என்பதிலிருந்தே, பழைய அலமாரிகளிலும் கதவுகளிலும் அது எவ்வளவு காலம் பூசப்பட்டு வந்தது என்பதை ஊகிக்கலாம். தோட்டத்து இருக்கைகளிலும் வேலிகளிலும் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் சேர்மம் ஊட்டிய மரம் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. இத்தகைய பொருள்களின்மீது ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது போதுமான பாதுகாப்பு ஆகாது. அவற்றைக் குட்டியின் எல்லையிலிருந்தே அகற்றிவிட வேண்டும்.

இனி புட்டிக்குள் இருப்பதைப் பார்க்கலாம். சந்தையில் கிடைக்கும் கசப்பு ஸ்ப்ரேக்களில் ஒரு வகை, தாவரக் கசப்புச் சாறுகளை ஆல்கஹாலில் கரைத்துச் செய்யப்படுகிறது. இன்னொரு வகையில் டெனடோனியம் பென்சோயேட் என்ற வேதிப்பொருள் நீரில் கலந்திருக்கும். ஸ்காட்லாந்தில் மாக்ஃபர்லன் ஸ்மித் என்ற நிறுவனத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1958இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள் இது. அறியப்பட்ட கசப்புகளில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. நகம் கடிப்பதை நிறுத்தப் பூசும் திரவங்களிலும், குழந்தைகள் தவறுதலாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டுத் துப்புரவுத் திரவங்களிலும் இதைச் சேர்க்கிறார்கள். பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மனித நாக்குக்குத் தாங்காது.

நாயின் நாக்கு நம் நாக்கைப் போன்றது அன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மனிதருக்குச் சுமார் 9,000 சுவை மொட்டுகள் இருப்பதாகச் சொல்லப்படும்போது, நாய்க்கு ஏறத்தாழ 1,700தான். நாய்கள் கசப்பை உணர்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நமக்குக் குமட்டுகிற அளவு, ஆர்வத்தோடு மரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும் குட்டிக்குப் பொருட்டாகவே தெரியாமல் போகலாம். நாய் உலகத்தை முதலில் அறிவது மூக்கால். ஆகவே கசப்பை மட்டும் நம்பாமல், அந்தக் கசப்புக்கு ஒரு வாசனையை முடிச்சுப் போட்டுவிட்டால், அடுத்த முறை குட்டி வாய்வைப்பதற்கு முன்பே மூக்கு அதைத் தடுத்துவிடும். ஸ்ப்ரேயின் உண்மையான ஆற்றல் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1866 முதல் இயங்கிவரும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஏ.எஸ்.பி.சி.ஏ. இதற்கொரு முறையைப் பரிந்துரைக்கிறது. ஸ்ப்ரேயைத் தளபாடத்தில் அடிப்பதற்கு முன்பாக, சிறிது பஞ்சிலோ மெல்லிய காகிதத்திலோ நனைத்து, அதை மென்மையாகக் குட்டியின் வாயில் வைத்து, சுவை பார்த்துத் துப்பவிட வேண்டும். கசப்பு அதற்குப் பிடிக்கவில்லை என்றால் தலையை உதறும், எச்சில் வடிக்கும், சில சமயம் ஓங்கரிக்கும். அந்தப் பஞ்சை மறுபடி எடுக்காது. சுவையும் வாசனையும் அந்த ஒரே நொடியில் இணைந்துவிடுகின்றன. அதன் பிறகு தளபாடத்தில் தெளித்து, இரண்டு முதல் நான்கு வாரம் வரை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் குட்டியிடம் பலன் தெரிந்தது இந்த முறையில்தான். நான் செய்த ஒரே மாற்றம், பஞ்சை வாயில் வைக்காமல் தரையில் வைத்து, குட்டி தானாகவே வந்து கவ்வும்படி விட்டதுதான். கை வாயருகே வந்தால் கசப்பு வரும் என்று அது கற்றுக்கொண்டால், பிறகு பல்லைப் பார்க்கவும் மருந்து கொடுக்கவும் வாயைத் திறக்கவிடாது என்ற எண்ணத்தால் அப்படிச் செய்தேன்.

இந்த முதல் சந்திப்பு இல்லாமல் நேரடியாக நாற்காலிக் காலில் தெளித்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். குட்டி ஏற்கெனவே அந்தக் காலைப் பலமுறை கடித்து இன்பம் கண்டிருக்கிறது. இன்று மெல்லிய கசப்பு ஒன்று வருகிறது. இரண்டு அங்குலம் தள்ளி வாய்வைத்தால் கசப்பு இல்லை. தெளிக்காத இடத்தைத் தேடுவதே ஒரு விளையாட்டாகிவிடுகிறது. ஸ்ப்ரே வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதற்கு, கலவையின் குறையைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு வகைகளையும் ஒப்பிட்டால், வாசனையின் அடிப்படையில் ஆல்கஹால் கலந்ததற்கே என் வாக்கு. அதன் நெடி கூர்மையானது. குட்டி எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. டெனடோனியம் தனியாக எந்த மணமும் அற்றது. வேறு மணம் சேர்க்காத புட்டியாக இருந்தால், குட்டி ஒவ்வொரு முறையும் நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். மூக்குக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆகவே நீர்வகையை வாங்குவோர், அதில் தெளிவான மணம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. அதே சமயம் ஆல்கஹால் வகைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அரக்கைக் கரைத்துப் பூசிய பழைய மெருகு ஆல்கஹால் பட்டால் கரையும், வெளுக்கும். பாரம்பரிய மெருகேற்றிய மேசையைக் காப்பாற்றுவதற்காகத் தெளித்த திரவமே அதைக் கெடுத்துவிடக் கூடும். கண்ணில் படாத ஓர் உட்புற மூலையில் சிறிது தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே மற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டும். அது எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால் அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகில் தெளிப்பதும் கூடாது.

தெளிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பதே மேல் என்பது என் பரிந்துரை. காற்றில் பறக்கும் நுண்துளிகள் நம் உதட்டிலும் குட்டியின் கண்ணிலும் படிகின்றன. கதவுக் கைப்பிடி, நாற்காலிக் கை போன்ற, நாம் தொடும் இடங்களில் அடித்துவிட்டு மறந்துபோனால், டெனடோனியத்தின் கசப்பு கையில் ஒட்டி அடுத்த வேளை உணவுக்கே வந்துவிடும். ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவினால் போகிற கசப்பாகவும் அது இல்லை. மின்கம்பிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். மின்சாரம் ஓடும் கம்பியைக் கடித்தால் வாய் வெந்துபோவதோடு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் இருப்பதால், கம்பிகளைக் குழாய் உறைக்குள் செலுத்துவதோ எட்டாத உயரத்தில் வைப்பதோதான் வழி. கம்பியின் காவலை ஒரு கசப்பிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

தெளித்த கசப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு ஒரே விடை இல்லை. மெருகேறிய வழுவழுப்பான பரப்பில் அது விரைவில் துடைபட்டுப் போகிறது. கடிபட்டு நார் எழுந்த இடத்தில் ஊறி இன்னும் சிறிது நேரம் தங்குகிறது. ஆனால் அந்த நார் எழுந்த இடம்தான் குட்டியை மறுபடி மறுபடி அழைக்கும் இடமும் ஆகும். சொரசொரப்பு பல்லுக்கு இதமாக இருக்கிறது, பழைய எச்சிலின் வாசனையும் அங்கே நிற்கிறது. எனவே கடிபட்ட விளிம்பை உப்புத்தாளால் வழுவழுப்பாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, மேலே மெருகோ வார்னிஷோ பூசிக் காயவிட்டு, அதன் பிறகு கசப்பைத் தடவினால் பலன் பலமடங்கு கூடுகிறது. ஸ்ப்ரே விற்பவர்கள் யாரும் உப்புத்தாளைப் பற்றிப் பேசுவதில்லை என்றாலும், இரண்டையும் ஒன்றாக வாங்குவதே முறை என்று சொல்வேன்.

வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டு இதே வேலையைச் செய்ய முயல்வோருக்கு ஓர் எச்சரிக்கை. நீர்த்த வினிகர் சில குட்டிகளுக்குப் பிடிப்பதில்லை. தீங்கும் பெரிதாக இல்லை, ஆனால் நெடி விரைவில் ஆறிவிடுகிறது. மிளகாய்ப்பொடியையோ மிளகாய்க் கரைசலையோ தடவுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அது கசப்பன்று, எரிச்சல். கண்ணிலும் மூக்கிலும் கன்றிப்போன ஈற்றிலும் பட்டால் குட்டிக்கு அது வெறும் வேதனைதான். தேயிலை மர எண்ணெய் போன்ற செறிந்த நறுமண எண்ணெய்கள் நாய்களுக்கு நஞ்சாகக் கூடியவை. இயற்கைப் பொருள் என்ற பெயரால் அவற்றைத் தடவக் கூடாது.

கசப்பைக் கொண்டு தடுப்பது சரியா என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. விலங்கு நடத்தை குறித்த அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நாய்களுக்குக் கற்பிக்க வெகுமதி அடிப்படையிலான முறைகளையே பரிந்துரைக்கிறது. வலியும் அச்சமும் தரும் முறைகளை எதிர்க்கிறது. அந்த அளவுகோலின்படி பார்த்தால் கசப்பும் விரும்பத்தகாத அனுபவம்தான். என்னைப் பொறுத்தவரை, கசப்பு மனிதரோடு தொடர்பில்லாமல் பொருளோடு மட்டும் தொடர்புபட்டிருக்கிறது, குட்டி விரும்பிய நொடியில் விலகிக்கொள்ள முடிகிறது, வலி எதுவும் இல்லை என்ற மூன்று காரணங்களால் அளவோடு பயன்படுத்துவதை ஏற்கிறேன். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனாலும், உதாரணமாகக் குட்டியின் முகத்தை நோக்கித் தெளித்தாலோ, சிறிய கூண்டுக்குள் எல்லாப் பக்கமும் தடவிவைத்தாலோ, அது தண்டனையாகிவிடுகிறது. கடித்து முடித்த பிறகு இழுத்துவந்து காட்டித் திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிகழ்ந்து முடிந்த செயலையும் இப்போதைய கோபத்தையும் குட்டியால் இணைத்துப் பார்க்க இயலாது. அது தலைகுனிவது நம் குரலைக் கண்டு அஞ்சித்தான்.

ஸ்ப்ரேயால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது: எதைக் கடிக்கலாம் என்று அது சொல்வதில்லை. அந்த வேலையைச் செய்வது கடிபொம்மை. இந்த வகையில் காங் என்ற ரப்பர் பொம்மையை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தம் ஜெர்மன் ஷெப்பர்டு நாய், வாகனத்திலிருந்து கழற்றிப்போட்ட ரப்பர் உறுப்பு ஒன்றை விரும்பிக் கடிப்பதைக் கண்டு உருவாக்கியது இது. குட்டிகளுக்கென மென்மையான ரப்பரிலும், வளர்ந்த நாய்களுக்குச் சிவப்பு நிறத்திலும், கடுமையாகக் கடிப்பவற்றுக்குக் கறுப்பு நிறத்திலும் செய்கிறார்கள். உள்ளே குழிவு இருப்பதால் குட்டியின் வழக்கமான ஈர உணவை அடைத்து உறையவைத்துக் கொடுக்கலாம். குளிர்ச்சி ஈற்றுக்கு இதம், நக்கி எடுக்க நேரமும் பிடிக்கும். இரு முனைகளிலும் துளை இருப்பது தற்செயல் அன்று. ஒரே துளை மட்டும் உள்ள குழிவுப் பொம்மைகளில் நாய் நக்கும்போது வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொண்ட நிகழ்வுகள் உண்டு. எந்த நிறுவனத்தின் பொம்மையை வாங்கினாலும் இதைக் கவனியுங்கள். உள்ளே அடைக்கும் எதிலும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக் கூடாது. சர்க்கரை சேர்க்காதவை என்று விற்கப்படும் சில நிலக்கடலை வெண்ணெய்களில் அது இருக்கிறது. சிறிதளவே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும்.

ஆனாலும் ரப்பர், மரம் தரும் முழு இன்பத்தைத் தருவதில்லை. ரப்பர் அமுங்கி மீள்கிறது, பிய்ந்து வருவதில்லை. பிய்ப்பதிலேயே மகிழும் குட்டிக்கு, ஒட்டுநாடாவும் கம்பி ஊசியும் நீக்கிய அட்டைப்பெட்டியை நம் கண் முன்னால் கிழிக்கக் கொடுப்பது நல்ல ஈடு. அட்டையை விழுங்காமல் துப்புகிற குட்டியாக இருந்தால் மட்டும். நனைத்து முறுக்கி உறையவைத்த துண்டும் பல் முளைக்கும் நாள்களில் நன்றாக உதவுகிறது. இளகி நூல் பிரியத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். நாய்கள் கடிப்பதற்கென்றே பதப்படுத்தி விற்கப்படும் மரத்துண்டுகளைப் பலர் புகழ்கிறார்கள். தளபாடத்தைக் கடிக்கும் குட்டிக்கு அவற்றைத் தருவதை நான் ஆதரிக்கவில்லை. விலைக்கு வாங்கிய மரத்துக்கும் மேசைக் காலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குட்டி எப்படி அறியும்?

மான்கொம்பு, குளம்பு, வேகவைத்த எலும்பு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்தான் நாய் கடினமான பொருளைக் கடிக்கப் பயன்படுத்தும் பல். இத்தகைய பொருள்களால் பிளப்பதும் பெரும்பாலும் அதுவே. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்கக் கூடாது என்று கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் சோதனை எளிமையானது, நம்பத்தக்கது. வேகவைத்த எலும்பு கூரிய துண்டுகளாக உடையும் என்பதால் அதற்குச் சோதனையே தேவையில்லை.

தடுப்பு வேலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மடக்கி வைக்கக்கூடிய உலோக வேலி எதுவும் போதும். மரத்தாலான வேலியை மட்டும் வாங்காதீர்கள். கவனிக்க ஆள் இல்லாத நேரத்தில் குட்டி மரத்தை நெருங்கவே முடியாமல் இருப்பது ஸ்ப்ரேயின் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரும் காணாமல் கடித்து மகிழ்ந்தால், கசப்பு கற்பித்தது அந்த அளவுக்கு அழிந்துபோகும். இன்னொரு பயனும் உண்டு. சிறு குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்க வேண்டியவை. தூக்கம் போதாத குட்டி, களைத்துப்போன குழந்தை போலவே அமைதி இழந்து கண்டதையெல்லாம் கடிக்கும். மாலையில் திடீரென்று நாற்காலிக் கால்களின்மீது வெறி கொண்டு பாயும் குட்டிக்குப் பல நேரங்களில் தேவைப்படுவது வேலிக்குள் ஓர் அமைதியான உறக்கமே. அந்த நேரத்தில் ஸ்ப்ரேயை எடுப்பது பயனற்றது.

குட்டி மரத்தில் வாய்வைத்திருக்கும்போதே பார்த்துவிட்டால், கத்தாமல், துரத்தாமல், கடிபொம்மையை மூக்கருகே நீட்டி அதன் கவனத்தை மாற்றி, பொம்மையைக் கவ்வியதும் மனமாரப் பாராட்டுவதே போதும். ஓடிப்போய்ப் பிடுங்கினால் அது துரத்தல் விளையாட்டாக மாறும், அல்லது கவ்வியதை மறைத்துக் காக்கும் பழக்கத்தை உண்டாக்கும். கசப்பின் வாசனையால் மேசைக் காலை விட்டு விலகும் அந்த நொடியில் பொம்மை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும் என்பதற்காக, தெளித்த ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஒரு பொம்மையைப் போட்டுவைத்தேன். இந்த ஏற்பாடு பெரிய வேறுபாட்டைக் கொண்டுவந்தது.

சில குட்டிகளுக்கு இந்தக் கசப்பு பிடித்தேவிடுகிறது, அல்லது ஒன்றும் செய்வதில்லை. பஞ்சைக் கவ்விச் சாவதானமாக மெல்லும். அத்தகைய குட்டிக்கு அதே ஸ்ப்ரேயை அதிகமாக அடிப்பதில் பொருளில்லை. வேறு கலவை ஒன்றைப் பஞ்சு முறையில் சோதித்துப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் பணத்தை வேலியிலும் பொம்மைகளிலும் செலவிடுவதே சரி. பெரிய புட்டியை முதலிலேயே வாங்காமல் சிறியதை வாங்கச் சொல்வதும் இதனால்தான். புட்டியைக் குட்டிக்கும் குழந்தைகளுக்கும் எட்டாமல் வைத்திருங்கள். வாயில் பட்ட சிறு அளவால் எச்சில் வடிவதோடு நின்றுவிடும் என்றாலும், ஆல்கஹால் வகையைக் குட்டி புட்டியோடு கடித்துக் குடித்துவிட்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

எந்த ஸ்ப்ரேயும் உதவாத நிலை ஒன்று உண்டு. கடிபட்ட இடங்கள் வீடெங்கும் பரவியிராமல் கதவு நிலையிலும் சன்னல் விளிம்பிலும் மட்டுமே இருந்து, வீட்டில் ஆள் இருக்கும்போது ஒருபோதும் நடக்காமல், ஆள் வெளியேறிய சிறிது நேரத்திலேயே தொடங்குமானால், அது பல் முளைக்கும் தினவு அன்று. தனித்திருக்க முடியாத பதற்றம். அதோடு ஊளையிடுதலும், எச்சில் ஒழுகுதலும், வெளியேறும் வழியைப் பிராண்டுதலும் காணப்படும். பதறும் குட்டியின் முன்னால் கசப்பை வைத்தால், அது கசப்பையும் மீறிக் கடிக்கும். அல்லது கதவை விட்டுவிட்டுத் தன் பாதத்தையே கடிக்கத் தொடங்கும். அதேபோல், கடித்துத் துப்பாமல் மரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும் குட்டிக்கு வயிற்றிலோ ஊட்டத்திலோ கோளாறு இருக்கக் கூடும். இவ்விரண்டில் எதுவானாலும் ஸ்ப்ரே வாங்குவதை ஒத்திப்போட்டுவிட்டு, வீட்டை விட்டு வெளியேறும்போது கைப்பேசியில் ஒளிப்பதிவை ஓடவிட்டு, தனிமையில் குட்டி என்ன செய்கிறது என்று பதிவுசெய்து, கடித்த மரத்தின் துண்டோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.